சிப்பிக்குடி ஆலையில் முகங்கள் கலங்கிய கதை

சிப்பிக்குடி உர ஆலையில் வேலை பார்த்த அத்தனை பேருடைய முகங்களும் ஒரு வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கலங்கிப்போனபோது, அதற்கு முதலில் ஆட்சேபம் தெரிவித்தது ஆலை கேட்டில் மாட்டியிருந்த வருகைப்பதிவு இயந்திரம்தான். மற்றவர்கள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. தூக்குவாளியைத் திறந்தவர்கள் திறந்தபடி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவனுடைய கண்ணும் மூக்கும் வாயும் கல்லெறிந்த குளத்துத் தண்ணீர் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து கிடந்ததைக் கண்டார்கள். தங்கள் முகத்தைத் தடவிப் பார்த்தார்கள். தடவின கைக்கு மூக்கு மூக்காகவும் மீசை மீசையாகவும் தட்டுப்பட்டதால், சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சாப்பிட ஆரம்பித்தார்கள். குழம்பு ஆறிவிடும் என்பதுதான் அப்போதைக்கு இருந்த கவலை. மேலாளர்கள் தனியறையில் சாப்பிட்டார்கள். அவர்கள் முகங்கள் அப்படியே இருந்தன.

அதே வேளையில் ஆலைக்கு எதிரே, கம்பெனி விடுதியின் மாடியறையில், ஆவுடைநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு தன் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்தி முடித்திருந்தாள். பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு கம்பெனி நடத்திவந்தவள் அவள். ஆலைகளுக்குப் போய், எட்டுக் கண் உள்ள கேமராவை முக்காலியில் நிறுத்தி, சுற்றிலும் மேலும் கீழும் ஒரு மூலை விடாமல் படம்பிடித்து, அதை ஹெட்செட்டில் ஏற்றிக் கொடுப்பாள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அதைத் தலையில் மாட்டிக்கொண்டால் போதும், நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆலைக்குள் நடந்து போய்க் கொதிகலன் எங்கே, அமோனியாத் தொட்டி எங்கே, ஆபத்தென்றால் எந்தப் படியில் இறங்கி ஓடவேண்டும் என்றெல்லாம் பழகிக்கொள்ளலாம். வாக்த்ரூ என்று அதற்குப் பெயர். படம்பிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. அதற்குப் பிறகு வருகிற திருத்தங்கள்தான் ஆளைக் கொல்லும்.

சிப்பிக்குடி ஆலையில் திருத்தம் சொல்கிறவர் மனிதவள மேலாளர் வைகுந்தராமன். கத்திப் பேச மாட்டார், சட்டை கசங்காது, தன் கருத்து என்று எதையும் சொல்ல மாட்டார். எல்லாவற்றையும் தலைமை அலுவலகம் சொல்லச் சொன்னதாகவே சொல்லுவார். குழாயில் துரு தெரிகிறது, எடுத்துவிடுங்கள் என்றார், எடுத்தாள். கன்வேயரில் பூனை படுத்திருக்கிறது என்றார், பூனையை எடுத்தாள். வானம் இன்னும் கொஞ்சம் நீலமாக இருந்தால் நல்லது என்றார், நீலமாக்கினாள். எச்சரிக்கைப் பலகை இல்லாத இடத்தில் பலகை வரையச் சொன்னார், வரைந்தாள். கழிவுத் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் வெறும் மூஞ்சியோடு இறங்குகிறார்களே, ஆளுக்கொரு மூச்சுக்கவசம் மாட்டிவிடுங்கள் என்றார். ஆலையில் அப்படிக் கவசம் இருக்கிறதா என்று அவள் கேட்டதற்கு, வரப்போகிறது என்றார். அதையும் வரைந்து மாட்டினாள். தொழிலாளர்கள் சிரித்த முகமாக இருக்கவேண்டும் என்று அடுத்த திருத்தம் வந்தது. முக்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபடி வெயிலில் அலைந்து, அமோனியா நெடியில் கண்ணீர் வடிய நின்றிருந்தவர்களிடம் அண்ணே கொஞ்சம் சிரிங்க, அக்கா கொஞ்சம் சிரிங்க என்று கெஞ்சி, ஒருவரைத் தவிர அத்தனை பேரையும் சிரிக்கவைத்துப் படம்பிடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், தொழிலாளர் ஒருவர் முகமும் அடையாளம் தெரியக்கூடாது என்று சட்டப்பிரிவு சொல்லிவிட்டதாகவும், வரவேற்புரை கொடுக்கிற மேலாளர்கள் முகம் மட்டும் பளிச்சென்று தெரியவேண்டும் என்றும் மின்னஞ்சல் வந்திருந்தது. ஆவுடை நாற்காலியை உதைத்துத் தள்ளினாள். ஒரு மூஞ்சியும் வேண்டாமா, இந்தா வைத்துக்கொள் என்று வாய்விட்டுச் சொல்லி, தொழிலாளர்களின் எல்லா முகங்களையும் ஒரே அழுத்தில் மங்கலாக்கினாள்.

மறுநாள் காலை கேட்டுக்குப் போனவள், வருகைப்பதிவு இயந்திரம் ஒரு பெண்குரலில் முகம் தெரியவில்லை, மீண்டும் முயற்சிக்கவும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததையும், அதற்கு முன்னால் வரிசையாக நின்ற கலங்கல் முகங்கள் பொறுமையாக மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருந்ததையும் பார்த்தாள். அந்தக் கலங்கலின் பதத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஓரம் எவ்வளவு மென்மையாக இருக்கவேண்டும் என்று அவளே அளவு வைத்தது அது. எத்தனையோ குழாய்களில் துருவை அழித்திருக்கிறாள், ஒரு குழாயில்கூடத் துரு போனதில்லை. பூனையை எடுத்தாள், பூனை இன்னும் அதே கன்வேயரில் படுத்துக் கிடந்தது. இந்த மனுசர்களுடைய முகங்கள் மட்டும் அவள் சொன்ன உடனே கேட்டுத் தொலைத்தது ஏன் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. நேராக வைகுந்தராமனிடம் போய், இது தன்னால் வந்தது என்று சொன்னாள். அவர் அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவள் செய்தது கம்ப்யூட்டரில், இது நடந்திருப்பது ஆலையில், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றார். தவிர, அவள் அனுப்பிய வாக்த்ரூவும் நேரில் தெரிகிற ஆலையும் இப்போது அச்சாக ஒத்துப்போவதாகத் தலைமை அலுவலகம் சந்தோஷப்பட்டதாம். வானத்தின் நீலத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கவேண்டுமாம்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், புதிதாக ஒரு பஸ் விட்டால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். முதல் வாரம் பேச்சாக இருந்தது, பிறகு பழக்கமாகிவிட்டது. ஆலையில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கலங்கல்காரர்கள் என்று பேர் விழுந்தது. பெண்டாட்டிகள் புருஷன்மாரைப் பாதவெடிப்பை வைத்தும் செருமலை வைத்தும் சைக்கிளை நிறுத்துகிற தினுசை வைத்தும் கண்டுபிடித்தார்கள். முடிதிருத்துகிறவர் கண்ணை மூடிக்கொண்டு கைத்தடவலிலேயே சவரம் செய்யப் பழகி, முன்னைவிட இப்போது வெட்டுக்காயம் குறைவு என்று பெருமைப்பட்டார். மாதாகோவிலில் நற்கருணை கொடுக்கிற சாமியார் மட்டும் வாய் எந்தப் பக்கம் என்று தாழ்ந்த குரலில் கேட்கவேண்டியிருந்தது. ஆலையில் வேலைபார்த்த அண்ணன் தம்பி இரண்டு பேரின் அம்மா, யார் யாரென்று தெரியாததால், எவன் தப்புச் செய்தாலும் இருவரையும் சேர்த்தே திட்டிவிடுவது என்று முடிவெடுத்தாள். அதில் அவளுக்கு நிம்மதியும் இருந்தது. கொதிகலன் பகுதிப் பையன் ஒருவனுக்குப் பெண் பார்த்தபோது, முகம் இருந்த காலத்தில் எடுத்தது என்று அடியில் எழுதி ஒரு பழைய போட்டோவைக் கொடுத்துவிட்டார்கள். நிரந்தர வேலை என்பதால் பெண்வீட்டார் சரியென்றார்கள். ஆவுடைக்குத்தான் ஆறவில்லை. டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில், யாரைப் பார்த்தாலும் நிறுத்தி, உங்களுக்குக் கோபமே வரவில்லையா என்று கேட்டாள். வந்தால் மட்டும் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று ஒருவர் பதில் சொன்னார்.

கோபம் வந்தது ஒருத்திக்குத்தான். பேச்சித்தாய் என்று பேர், ஒப்பந்தக் கூலியாக ஆலையில் இருந்தாள். கழிவுத் தொட்டிக்குள் ஆண்கள் இறங்கிச் சகதியை வாளியில் நிரப்ப, மேலே நின்று கயிறு இழுக்கிற பெண்களில் அவளும் ஒருத்தி. அதற்கு முந்தின ஆடியில் உள்ளே இறங்கிய ஒருவர் விஷவாயுவில் மயங்கிச் சரிந்தபோது, அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்துத் தனியொருத்தியாக இழுத்ததில் அவள் உள்ளங்கைத் தோல் உரிந்துபோயிருந்தது. அவளுக்கு ஒரு பெண்குழந்தை, அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தது. முகம் கலங்கின அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கியபோது, அது அவளைப் பார்த்து வீறிட்டு மாமியார் கழுத்தைக் கட்டிக்கொண்டது. குரலைக் கேட்டால் திரும்பும், கையை நீட்டும், முகத்தைப் பார்த்ததும் மறுபடி வீறிடும். விளக்கை அணைத்தபிறகுதான் அதற்குப் பால் கொடுக்க முடிந்தது. இருட்டில் அது அவளுடைய குழந்தையாக இருந்தது, விடிந்ததும் அவளைக் கண்டு ஓடியது. அவள்தான் விடுதிப் படியேறி ஆவுடையின் கதவைத் தட்டி, அக்கா, சிரிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்தீங்கல்லா, அது உங்ககிட்ட இருக்கா என்று கேட்டவள். ஆவுடையிடம் எல்லாருடைய படமும் கலங்காமல் பத்திரமாக இருந்தது. ஆனால் தலைமை அலுவலகம் ஒப்புதல் கொடுத்த வாக்த்ரூவில் அனுமதியில்லாமல் ஒரு புள்ளியைக்கூட மாற்றக்கூடாது என்பது ஒப்பந்தம். அனுமதி கேட்டு எழுதினாள். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அதே பதில் மறுபடி வந்தது.

அந்தப் பரிசீலனை நடந்துகொண்டிருக்கும்போதே ஆலையில் புது ஆட்கள் சேர்ந்தார்கள். குளிரூட்டிய அறையில் அவர்களை உட்காரவைத்து, ஹெட்செட்டை மாட்டி, துருப்பிடிக்காத குழாய்கள் வழியாகவும் நீல வானத்துக்கு அடியிலும் நடக்கவிட்டுக் கழிவுத் தொட்டிவரை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். மறுநாள் நிஜத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி இறங்கச் சொன்னபோது, அவர்களில் ஒருவன் ரொம்ப மரியாதையாக, கவசம் எங்கே இருக்கிறது சார் என்று கேட்டான். எந்தக் கவசம் என்றார் மேற்பார்வையாளர். படத்தில் எல்லாரும் மாட்டியிருந்தார்களே, அது என்றான். பக்கத்தில் நின்ற பழைய ஆட்கள் அவன் சொன்னதைக் கேட்டார்கள். அத்தனை வருஷமாகக் கேட்காத கேள்வியை அவன் கேட்டுவிட்டதால், அதற்குப் பதில் வராமல் இறங்குவது அவர்களுக்கும் சரியாகப் படவில்லை. கயிற்றைக் கீழே போட்டார்கள். முதலில் போட்டது பேச்சித்தாய் என்று பின்னால் சொன்னார்கள், அவளே அதை மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அங்கே நின்ற பழைய ஆட்களில் யார் யாரென்று மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை. வருகைப்பதிவு இயந்திரத்தைக் கைவிட்டு ஆளுக்கொரு பேர்ப்பட்டை கொடுத்திருந்தார்கள். அதை ஆண்களும் பெண்களும் எப்போதோ மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்ததால், அவர் குறித்துக்கொண்டு போன பேர்களில் இரண்டு பேர் அன்றைக்கு விடுப்பில் இருந்தார்கள், ஒருவர் ஓய்வுபெற்றுப் போயிருந்தார்.

தொட்டி நிரம்பியது. கழிவு வெளியேற வழியில்லாமல் ஒரு பிரிவு நின்றது, அடுத்து இன்னொன்று நின்றது. வைகுந்தராமன் ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்தார். உள்ளே வந்தவன் வெளியே போய்த் திரும்பவும் வந்தானா, அல்லது வேறொருவனா என்று தெரியாமல் ஒரே ஆளை மூன்று தரம் எச்சரித்தார். யாருக்கும் சம்பளத்தை நிறுத்த முடியவில்லை, யாரையும் வேலைநீக்கம் செய்ய முடியவில்லை, யாரிடமும் நைச்சியமாகப் பேசி உள்விஷயம் கேட்டுக்கொள்ளக்கூட முடியவில்லை. முதல்தடவையாக அவர் சட்டை கசங்கியது. ஆவுடையை வரச்சொன்னார்.

"மங்கலை எடுத்துடுங்க மேடம்."

"முகமே தெரியக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க."

"அப்போ சொன்னேன். இப்போ தெரியணும்."

"கம்ப்யூட்டர்ல எடுத்தா ஆலைல எப்படிப் போகும்? ரெண்டையும் குழப்பிக்கக்கூடாதுன்னீங்களே."

எல்லாருடைய முகமும் தெரியவேண்டும், முதலில் தொட்டிப் பக்கத்தில் நின்றவர்கள் முகம், அதிலும் முதலில் யார் கயிற்றைப் போட்டதோ அந்த முகம் என்றார். ஒப்புதல் அன்றைக்கே வந்துவிட்டது என்றும் சொன்னார். இத்தனை நாளாக ஒரு தாய்க்கு வராத ஒப்புதல் ஒரே காலையில் வந்து சேர்ந்ததைக் கேட்டபோது ஆவுடைக்குக் காது சூடாகியது. நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதாகோவில் மண்டபத்துக்கு வரும்படி அவளுக்கு ஆள் வந்தது. கூப்பிட்டது தொழிற்சங்கச் செயலாளர் ரோச். சாந்தமான குரல் அவருக்கு; ஊரில் பெரியவர் சின்னவர் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். மண்டபம் நிறைய வெள்ளைவேட்டிகளும் ஞாயிற்றுக்கிழமைச் சேலைகளும், அவற்றுக்கு மேலே வரிசை வரிசையாகக் கலங்கல்களுமாக இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் நின்றும் தன்னை எவரும் பார்க்கிறார்களா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. உங்கள் எல்லாரையும் இந்தக் கதிக்கு ஆளாக்கியது நான்தான், மங்கலை எடுத்துவிடுகிறேன் என்றாள். ரோச்தான் பேசினார்.

"எடுக்காதீங்க தங்கச்சி. இத்தன வருசமா நாங்க முகத்தோடதான் பேசினோம். ஒருத்தன் வாயத் தொறந்தா அவன மட்டும் தனியாக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்பிருவாங்க, மத்தவன் எல்லாம் வாய மூடிக்கிடுவான். இப்பத்தான் அவங்களுக்கு யார அனுப்பன்னு தெரியல. கவசம் வாரவரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

பலர் தலையாட்டினார்கள். ஆவுடைக்கு அது நியாயமாகவே பட்டது. அது நியாயமாகப் பட்டதில் இன்னும் எரிச்சல் கூடியது. ஒருவர் மங்கலாக்கு என்கிறார், பிறகு தெளிவாக்கு என்கிறார். தெளிவாக்குகிறேன் என்று வந்தால், பாதிக்கப்பட்டவர்களே மங்கலாகவே இருக்கட்டும் என்கிறார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பேச்சித்தாய் எழுந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுதது எனக்கு விளங்குது. ஆனா எம் பிள்ள வெளிச்சத்துல எங்கிட்ட வர மாட்டக்கு. இப்பத்தான் அதுக்குப் பேச்சு வருது. மொதல்ல சொன்ன வார்த்த பூச்சாண்டி. என்னப் பாத்துத்தான் சொல்லிச்சு."

"கவசம் வந்துட்டா..."

"கவசம் வாரப்ப வரட்டும். அதுக்குள்ள அது யார அம்மான்னு கூப்பிடும்?"

ஒருத்தி முகம் மட்டும் தெரிந்தால் மொத்தப் பழியும் அவள் ஒருத்தி மேல்தான் விழும், அது தெரியுமா என்று ரோச் கேட்டார். தெரியும் என்றாள். அதற்குமேல் அவர் தடுக்கவில்லை. தடுக்கிற முகமா அது, அழுகிற முகமா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆவுடை அன்றைக்கே செய்தாள். வைகுந்தராமனுக்கு ஒரு வரி எழுதிப் போட்டாள்: யார் கேட்கிறார்களோ அவர்கள் முகத்து மங்கலை மட்டும் எடுப்பேன், நீங்கள் கேட்பதற்காக ஒரு முகத்து மங்கலையும் எடுக்கமாட்டேன். அப்புறம் பேச்சித்தாயைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, எத்தனையோ மணிநேரப் படத்தில் தேடி, கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டபடி அவள் சிரித்துக்கொண்டிருந்த ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, அந்த ஒரு முகத்தின்மேல் இருந்த மங்கலை மட்டும் எடுத்தாள். திரையில் கலைந்த அதே வேகத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் முகத்திலும் கலைந்தது. பேச்சித்தாய் கண்ணாடி கேட்கவில்லை, நன்றிகூடச் சொல்லவில்லை. செருப்பைப் போடாமலே படியிறங்கி ஓடினாள். அவளைக் கண்ட குழந்தை வீறிடாமல் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூக்குத்தியைப் பிடித்து ரத்தம் வருமளவுக்கு இழுத்ததாக மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

திங்கட்கிழமை பேச்சித்தாய் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் வைகுந்தராமன் அவளைக் கூப்பிட்டு, சக தொழிலாளர்களைத் தூண்டிவிட்டு ஆலையை முடக்கியவள் என்று சொல்லி வெளியே அனுப்பினார். விசாரணை, இத்யாதி எதுவும் நடக்கவில்லை. அவருக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, கயிற்றைப் போட்டவர்களில் ஒரே ஒரு முகம்தான் தெரிந்தது. பேச்சித்தாய் வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு எதிரே இருந்த பஞ்சர்கடை ஓரத்தில் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்துகொண்டாள். மத்தியான ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் கோபமாக இருந்தாள், களைத்திருந்தாள், கொஞ்சம் பயமும் இருந்தது, எல்லாம் எழுதி ஒட்டினமாதிரி அந்த முகத்தில் தெரிந்தது. இன்னொருத்தர் முகத்தில் இதையெல்லாம் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அவர்களைத் திருப்பிப் பார்த்தாள். தங்களை அவளால் படிக்க முடியாது என்பது அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. சைக்கிளை மிதித்துப் போனவர்கள் பாலம்வரை போய் நின்றார்கள், அங்கே கொஞ்சநேரம் பேசினார்கள், திரும்பி வந்தார்கள்.

சாயங்காலம் ஆவுடையின் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால், படிக்கட்டு முழுக்கக் கலங்கல்கள் நின்றன. படி முடிந்து, முற்றம் கடந்து, தெருவுக்குப் போயிருந்தது வரிசை. முதலில் நின்ற உயரமானவர், எங்களுக்கும் எடுத்துவிடுங்கள் என்றார். அந்த அண்ணாச்சி சொன்னது சரியென்று தலையாட்டினீர்களே என்று ஆவுடை கேட்டாள். அது சரிதான், ஆனால் அந்தப் பிள்ளை பேச்சித்தாய் அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறது என்றார்.

அந்த ராவும் மறுநாள் விடியும்வரையும் ஆவுடை பட்ட பாட்டை அவளிடம்தான் கேட்கவேண்டும். கம்ப்யூட்டர் சூடாகிச் சூடாகி நின்றது. ஒவ்வொருவருக்கும் அவரவர் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. கண்டுபிடித்தால், அது நானில்லை, என் மச்சான் என்றார் ஒருவர், அவர் சம்சாரம் எட்டிப்பார்த்து இல்லை, நீங்கள்தான் என்றாள். ஒருவருக்கு மீசை இன்னும் கறுப்பாக வேண்டும். ஒருவர் முன்பல் விழுவதற்கு முந்தின முகமாகப் பார்த்துப் போட முடியுமா என்றார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் உட்கார்ந்தபோது, மாற்றிப் போட்டுவிடாதீர்கள் என்று அவர்கள் அம்மா வாசலில் நின்று கத்தினாள். ஒவ்வொன்றாக எடுக்கிறேன், வரிசையை விட்டு வராதீர்கள், திரையைத் தொடாதீர்கள், இருப்பதுதான் வரும், கேட்பது வராது என்று ஆவுடை தொண்டை கட்டும்வரை கத்தினாள். அத்தனை கத்தலுக்கும் நடுவில், அவளுக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிந்துகொண்டே போன நெற்றிகளையும் கண்களையும், அவை தெளிந்ததும் முதலில் தன்னைத்தான் பார்த்தன என்பதையும், அவள் கவனிக்காமல் இல்லை.

அன்றைக்குக் காலை கேட்டில் நடந்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லுகிறார்கள். எல்லாரும் ஒத்துச் சொல்லுவது இவ்வளவுதான்: அத்தனை பேரும் முகத்தோடு வந்து நின்றார்கள், ஒவ்வொருவரும் தன் பேரைச் சொல்லிக் கயிற்றைப் போட்டது நானும்தான் என்றார்கள். கலங்கலாக இருந்தபோது ஒரே ஆளை மூன்று தரம் எச்சரித்த வைகுந்தராமன், பேர் சொல்லி நின்ற முகங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய்ப் பாதியில் நின்றுவிட்டார். இத்தனை பேரையும் வெளியே அனுப்பினால் உள்ளே யார் இருப்பார்கள் என்று தலைமை அலுவலகத்துக்குப் போன்போட்டுக் கேட்டார். அங்கே யாருக்கும் தெரியவில்லை. பேச்சித்தாயைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் மூச்சுக்கவசங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. ரெண்டு மூன்று பேருக்குப் பதவி உயர்வு வராமல் போனதும் உண்மை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஆவுடை பாளையங்கோட்டைக்குத் திரும்பிப் போனபிறகு, புது ஆலைகளில் புதுத் திருத்தங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது கேட்டில் நடந்தது அல்ல, அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. வரிசை முடிந்துவிட்டது என்று நினைத்து அவள் கம்ப்யூட்டரை அணைக்கப் போனபோது, ரோச் வந்து கதவோரத்தில் நின்றார். எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்திருந்தார். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தபின், கேட்காமலே சொன்னார்: சிப்பிக்குடிக்கு வருமுன்பு வேறொரு ஆலையில் இருந்தாராம். அங்கேயும் முதலில் எழுந்து பேசியது அவர்தானாம். பேசிய பத்துப் பேரில் அவர் முகம் மட்டும் ஞாபகம் இருந்ததால் அவரை மட்டும் அனுப்பினார்களாம். பிள்ளைகள் அப்போது சின்னது. அதற்கப்புறம் எந்த மேலாளருக்கு முன்னால் பேசினாலும் குரலைச் சாந்தமாக வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார், முகத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. இந்தக் கலங்கல் வந்தபிறகுதான் அவர் நன்றாகத் தூங்கினார்.

ஆவுடை அவரைத் தேடிப் பிடித்தாள். கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், அவள் அத்தனை சொல்லியும் சிரிக்காத ஒரே ஆள். பட்டனை அழுத்தினாள். அவர் குரலை வைத்து அவள் மனதில் போட்டுவைத்திருந்த முகம் அல்ல அது. கண்கள் பெரிதாக, எந்த நேரமும் யாரோ பின்னாலிருந்து கூப்பிடப்போகிறார்கள் என்பதுபோல விரிந்திருந்தன. அவர் திரையைப் பார்த்தார், பிறகு ஜன்னல் கண்ணாடியில் பார்த்தார்.

"பயந்தவன் மாதிரி தெரியுதா தங்கச்சி?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. தெரிகிறது என்றாள். வேண்டுமானால் கண்ணுக்குக் கீழே கொஞ்சம் சரிசெய்து தருகிறேன், இரண்டு நிமிஷ வேலை, யாருக்கும் தெரியாது என்றாள். அத்தனை பேருக்கும் மாட்டேன் என்றதை அவருக்கு அவளாகவே செய்து தருவதாகச் சொன்னாள்.

ரோச் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். கீழே தெருவில் ஆட்கள் அவருக்காகக் காத்து நின்றார்கள்.

"வேண்டாம்மா. இதோடயே போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.